தவிட்டுக்குப் போன பிள்ளை

நாய்க்கு எதை வேண்டுமானாலும் கற்றுக்கொடுத்துவிடலாம். அது உண்மையில் எதைக் கற்றுக்கொண்டது என்பது மட்டும் வீட்டில் ஆட்கள் கூடிய பிறகுதான் தெரியவரும்.

இலங்கை மலைநாட்டு ரயில் பாதை பதுளைக்கு வராமல் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம். இடம், பதுளைக் கடைவீதியில் எங்கள் பலசரக்குக் கடையின் பின்கட்டு. மாதம், மாசி. (தை என்று என் மனைவி தெய்வானை சாதிப்பாள். சிவராத்திரிக்கு வாங்கிய விளக்கெண்ணெய் கடையில் மீந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே மாசிதான்.)

நாயின் பெயர் மேஜர். எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விட்டுப்போனது. கன்றுக்குட்டி உயரம் இருக்கும். கடையில் அதற்கு ஒரே சட்டம். பொருளை உள்ளே கொண்டுவருகிறவரை ஏறிட்டும் பார்க்காது. எடுத்துக்கொண்டு போகிறவர் யாராக இருந்தாலும், நானே ஆனாலும், "வித்தாச்சு" என்று நான் சொன்னால்தான் விடும்.

தலைப்பிரசவத்துக்குத் தெய்வானை லுணுகலைக்குப் போயிருந்தாள். அங்கே கடை வைத்திருந்தவர் என் மாமனார். பெண் பிறந்தது. பார்க்கப் போன என்னிடம் அவர் சொன்னார்:

"பேரு வச்சுத் தொட்டில்ல போடுறத உங்க வீட்டுலேயே செஞ்சிருவோம் மாப்பிள்ளை. ஆனா அந்த நாய் ஒரு தடவ உறுமுச்சுன்னா, தாயையும் புள்ளையையும் அதே வண்டியில திருப்பிக் கூட்டிட்டு வந்துருவேன். நாய் செத்தப்புறம் அனுப்புறேன்."

மேஜருக்கு அப்போது மூன்று வயது. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் என் மகள் பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் என் வீட்டுக்கு வருவாள்.

நாய் வளர்ப்பைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை நான் இரண்டு முறை படித்திருந்தேன். அது சொன்னபடி, குழந்தை வருமுன்பே குழந்தை வந்துவிட்டதாகப் பாவித்து நாயைப் பழக்கத் தொடங்கினேன். அம்மிக் குழவியைத் தெய்வானையின் பழைய சேலையில் சுற்றி, வசம்பு அரைத்துத் தடவி, தொட்டிலில் போட்டு ஆட்டினேன். தாலாட்டும் பாடினேன். (எதிர்க்கடைக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிப் போனார்.) அரைக்கக் கல் இல்லாததால் அந்த நாட்களில் எனக்குத் தேங்காய்ச் சம்பல் கிடையாது. பாண் ரொட்டியும் வாழைப்பழமும்தான்.

மேஜர் நன்றாகப் பழகியது. நாள் முழுக்கத் தொட்டிலின் கீழேயே படுத்துக் கிடந்தது. கல்லை எடுக்கப் போனால் மட்டும் எழுந்து நிற்கும். "வித்தாச்சு" என்பேன். விட்டுவிடும். அதற்கென்று வேறு வார்த்தை ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கலாம். கடைக்காரன் புத்தி, இருப்பதே போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாளும் வந்தது. லுணுகலையிலிருந்து வந்தவர்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் பின்கட்டை நிறைத்தார்கள். பிள்ளைக்கு விசாலாட்சி என்று பெயர் வைத்துத் தொட்டிலில் போட்டார்கள். மேஜர் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே படுத்தது. மாமனார் என்னை ஒரு மரியாதையோடு பார்த்தார். அப்படிப் பார்த்தது அதுவே முதல் தடவை.

பிள்ளை பசித்து அழுதது. எடுப்பதற்காக மாமியார் குனிந்தார். மேஜர் எழுந்து நின்று உறுமியது.

"உறுமிருச்சு," என்றார் மாமனார்.

"புள்ளையப் பாத்து இல்லீங்க மாமா. அத்தையப் பாத்துத்தான்."

"நல்லா இருக்கு," என்றார் மாமியார்.

கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். வேறு எவனுக்கும் அதுதான் முதலில் தோன்றியிருக்கும். என் வாயில் வந்தது, கடையில் காலையிலிருந்து இரவு வரை சொல்லிப் பழகிய வார்த்தை.

"மேஜர், வித்தாச்சு."

நாய் உடனே படுத்துவிட்டது. மற்றவர்கள் நின்றபடியே நின்றார்கள்.

"என்னத்த வித்தீங்க?" என்றார் மாமனார்.

விளக்கிச் சொன்னேன். கடைச் சட்டம், ஆங்கிலப் புத்தகம், அம்மிக் குழவி, வசம்பு எல்லாவற்றையும் முறையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல நிலைமை மோசமாகிக்கொண்டே போனது.

"நான் இல்லாதப்ப கல்லுக்குத் தாலாட்டுப் பாடிட்டு இருந்தீங்களாக்கும்," என்றாள் தெய்வானை, பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி.

மாமனார் வாசலைப் பார்த்து, "வண்டியப் பூட்டுங்கப்பா," என்றார்.

"செத்த இருங்க," என்று தடுத்தவர் மாமியார். "தலப்புள்ளைய வித்தாச்சுன்னு நல்ல நேரத்துல வாய் விட்டுச் சொல்லியாச்சு. அந்தரத்துல விட்டுட்டுப் போனா ஆகாது. யாராச்சும் வாங்கணும். நீங்களே வாங்கிருங்க."

பிறக்கும் பிள்ளைகள் தங்காத வீடுகளில், அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றதாகப் பேர் பண்ணுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். மாட்டுக்குப் போடும் தவிடு கடையில் மூட்டையாக இருந்தது. ஒரு முறம் நிறைய அள்ளி வந்து கணவர் கையில் கொடுத்தார். அவர் அதை என்னிடம் நீட்டினார். என் தவிட்டையே எனக்குக் கொடுத்து என் மகளை வாங்கிக்கொண்டார்.

"இப்ப புள்ள யாருது?"

"உங்களுதுங்க மாமா."

"எங்க இருக்கணும்னு யாரு சொல்றது?"

"நீங்கதாங்க," என்றேன். முறத்தைக் கீழே வைத்தேன்.

பசியாறிய பிள்ளையைத் தெய்வானை மறுபடி தொட்டிலில் போட்டாள். மேஜர் தன் இடத்துக்குப் போய்ப் படுத்தது. மாமனார் அருகில் போய், பிள்ளையை எடுக்கப் போவது போலக் கையை நீட்டிப் பார்த்தார். மேஜர் தலையைத் தூக்கியது. கையை இழுத்துக்கொண்டார். நாயை மேலும் கீழும் அளந்து பார்த்தார். அவரும் கடைக்காரர்தானே.

"என் கடைக்குக்கூட இப்படி ஒரு காவல் இல்ல," என்றார். "சரக்கு பத்திரமா இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். வண்டிய அவுத்து விடுங்கப்பா."

விசாலாட்சி என்று அவளை இன்று கூப்பிடுகிறவர் எவரும் இல்லை. எல்லோருக்கும் அவள் தவிட்டம்மாதான். நான் எதற்காவது கண்டித்தால், "வித்த சரக்கப் பத்தி உங்களுக்கு என்னப்பா?" என்பாள்.

ரயில் பதுளைக்கே வந்துவிட்ட பிறகு, சென்ற ஆவணியில் அவளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. ஹல்துமுல்லையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தகப்பனார் என் பக்கம் திரும்பி, "பொண்ணக் குடுக்க உங்களுக்குச் சம்மதங்களா?" என்று முறைப்படி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் குறுக்கிட்டார்.

"அவர ஏன் கேக்கிறீங்க? அவரு அப்பவே வித்துட்டாரு. என்னக் கேளுங்க."

தாம்பாளத்தை அவர் பக்கம் நகர்த்தினார்கள். நான் எழுந்து, காப்பி தயாராகிவிட்டதா என்று பார்க்க உள்ளே போனேன்.