மிளகுக் குழுவின் களைக்கொல்லி விளம்பரம்

மிளகு விவசாயிகள் குழுவின் இணையதளத்தில் களைக்கொல்லி விளம்பரம் வந்ததை முதலில் பார்த்தவர் செயலாளர் பூபதிதான். 'மருந்தே படாத கொல்லிமலை மிளகு' என்ற வரிக்கு நேர் கீழே, ஒரு கேன் வாங்கினால் தெளிப்பான் இலவசம் என்று மினுமினுத்தது.

வேறு நாளாக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பார். இயற்கை விவசாயச் சான்று கொடுக்கும் கோகிலவாணி மேடம் மறுநாள் காலை குழு இருக்கும் எடப்புளி நாடு என்ற மலை ஊருக்கு வருகிறார். மூன்று வருடம் நாயாய்ப் பேயாய் அலைந்தது இந்தச் சான்றுக்காகத்தான். அது கிடைக்காவிட்டால் மிளகு பழையபடி அடிவாரத்து வியாபாரி கேட்கிற விலைக்குத்தான் போகும்.

ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பிரேமுக்குப் போன் போட்டார். எத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள் என்று எண்ணுவதற்காகப் பூபதி ஓசியில் சேர்த்த பிளக்-இன் என்ற துணை மென்பொருள்தான் காரணம், அதற்குள் யாரோ விளம்பரம் காட்டும் கம்ப்யூட்டர் கோடு ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றான் பிரேம். பூபதி அதை நீக்கினார். விளம்பரம் நீங்கவில்லை. விளம்பரத்தைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்ட இன்னொரு பிளக்-இன்னைச் சேர்த்தார். அதுவும் ஓசிதான். இப்போது களைக்கொல்லி கேன் தலைவர் அர்த்தனாரியின் போட்டோவையே மறைத்துக்கொண்டு நின்றது. பதறிப்போய்த் தளத்தை மூடிவிடலாமென்று பார்த்தால், பாஸ்வேர்டு தப்பு என்றது. புதிதாக வந்தது அதையும் மாற்றித் தொலைத்திருந்தது.

வேறு வழியில்லாமல் சாயங்காலமே குழுவைக் கூட்டினார்.

"நாமளே முந்திக்கிட்டுச் சொல்லிப்போடலாமுங்க" என்றார் அர்த்தனாரி. "எல்லாத்து போன்லயும் வருதுன்னு காட்டிட்டா நம்ம மேல தப்பில்லீங்களே."

உறுப்பினர்கள் பதினோரு பேரும் அவரவர் போனில் தளத்தைத் திறந்தார்கள். பதினொன்றிலும் களைக்கொல்லி. பூபதிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவர்களில் ஒருவரான பொன்னம்மாள் போனைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்த மருந்துக் கருமத்த நான் கண்ணால கண்டதுகூட இல்லீங்க சாமி" என்றார். மற்றவர்களும் ஆளாளுக்கு அதையே சொன்னார்கள்.

டீ வாங்குவதற்கே தீர்மானம் போடுகிற குழு அது. இதற்கு விடுவார்களா? 'கீழ்க்கண்ட உறுப்பினர்கள் அனைவரின் போனிலும் மேற்படி விளம்பரம் வருகிறது' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பூபதி முதல் கையெழுத்தைப் போட்டார். மிச்சம் பத்துப் பேரும் வரிசையாகப் போட்டார்கள்.

மறுநாள் மேடம் தோட்டமெல்லாம் சுற்றினார், மண்ணைக் கிளறினார், கொடியைப் புரட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று படிவத்தையும் பேனாவையும் கையில் எடுத்தார். மனுஷன் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பூபதியோ விளம்பரக் கதை முழுவதையும் சொல்லி, தீர்மானப் புத்தகத்தை நீட்டினார்.

"உங்க போன்லயும் பாருங்க மேடம். இதேதான் வரும்."

மேடம் பார்த்தார். அவர் போனில் வந்தது முதுகுவலிக்கான மெத்தை. அது எப்படி என்று பூபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவேளை மேடத்தின் போன் சரியில்லையோ என்றுகூடக் கேட்டுப் பார்த்தார்.

மேடம் பதினோரு கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"அந்தக் கோடு அவங்கவங்க போன்ல தேடினதைத்தாங்க அவங்கவங்களுக்குக் காட்டும். நான் போன வாரம் மெத்தை தேடினேன். நீங்க பதினோரு பேரும் என்ன தேடுனீங்கன்னு கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்கீங்க."