கவீனோவுக்கு ஆகாத மொச்சை

கவீனோவுக்கு ஃபாவா மொச்சை ஆகாது. இத்தாலியின் சார்டீனியாத் தீவில் இது புதுசில்லை; வீட்டுக்கு வீடு ஒருத்தராவது இருப்பார். தின்றால் ரத்தம் கெட்டு உடம்பு மஞ்சளாகிவிடும். சிலருக்கு மொச்சைத் தோட்டத்துப் பக்கம் போகவே பயம்.

கவீனோவுக்கு அந்த நோய் வந்தது நிச்சயதார்த்தத்தன்று. வருங்கால மாமனார் பெருமையாகத் தன் மொச்சைத் தோட்டத்தைக் காட்டி, இனிமேல் பறிப்பு மாப்பிள்ளை பொறுப்பு என்றார். மாப்பிள்ளைக்கு அந்த நிமிஷமே நோய் கண்டுவிட்டது. அன்றிலிருந்து ஏப்ரல் தோறும் மனைவி பொனாரியா தனியாகக் குனிந்து பறிப்பாள். கவீனோ காப்பிக்கடையில் சீட்டாடுவார்.

இப்போது மகள் மிக்கேலா பிள்ளை உண்டாகியிருந்தாள். ஆண் குழந்தை. தாத்தாவின் நோய் பேரனுக்கு வருமோ என்று மரபணுச் சோதனை செய்திருந்தார்கள். முடிவு கேட்க ஏப்ரலில் மூவரும் போனார்கள்.

"பயமே வேண்டாம். மிக்கேலாகிட்ட அந்த மரபணுவே இல்ல," என்றார் டாக்டரம்மா. பிறகு குரல் இறங்கியது. "ஆனா அப்பாவுக்கு இருக்குன்னு சொன்னீங்களே. அப்பாவுக்கு இருந்தா மகளுக்குத் தப்பாம வந்தாகணும்."

சொல்லிவிட்டு பொனாரியாவைப் பார்த்தார். உடனே சங்கடத்தோடு ஜன்னலைப் பார்த்தார். மிக்கேலா அப்பாவைப் பார்த்தாள். பொனாரியா யாரையும் பார்க்காமல் கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கவீனோவுக்கு வியர்த்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் சீட்டாட்டம் பிழைக்கும். பெண்டாட்டி மானம் போகும்.

"எனக்கு ஒரு நோயும் இல்ல டாக்டரம்மா. மொச்சை பறிக்க சோம்பல். அவ்வளவுதான்."

காரை பொனாரியா ஓட்டினாள். குனிந்து நிமிரும்போதெல்லாம் அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்வது இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் கவீனோவின் மனதில் பட்டது. மன்னிப்புக் கேட்டார்.

"உங்கம்மா கல்யாணத்தன்னிக்கே சொல்லிட்டாங்க," என்றாள். "சின்ன வயசுல பச்சை மொச்சையை அள்ளி அள்ளித் தின்னவராம் நீங்க."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு ஏப்ரலும் பாத்தேன்."

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அந்த ஏப்ரல்கள் இனித் திரும்பி வரப்போவதில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவருக்கு ஒன்று உறைத்தது.

"டாக்டரம்மாகிட்ட எனக்கு நோய் இருக்குன்னு யார் சொன்னா?"

"நான்தான். வேற யாரு சொல்வா?"

கார் வீட்டுப் பக்கம் திரும்பாமல் மொச்சைத் தோட்டத்துப் பக்கம் திரும்பியது. பின்சீட்டிலிருந்து மிக்கேலா கையை நீட்டி அப்பாவின் மடியில் ஒரு கூடையை வைத்தாள்.