நடவுப் பாட்டுக்கு நடுவே ஓர் ஆடு

சொந்த அம்மாவின் குரலைக் கேட்க ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும் என்பது எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது. அதுவரை மகனாக இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் (படிப்பு பத்தாவது).

நான் சிறுவனாக இருந்தபோது யாரோ ஒருவர் டேப் ரெக்கார்டரோடு எங்கள் ஊர் காவாந்தண்டலத்துக்கு வந்து, நடவு நடும் பெண்களின் பாட்டைப் பதிவு செய்துகொண்டு போனார். பாடியவர்களில் அம்மாவும் ஒருத்தி. மறு வருஷமே மஞ்சள் காமாலையில் அம்மா போய்விட்டாள். ஒரு போட்டோகூட இல்லை. முகம் கொஞ்சம் ஞாபகம் இருந்தது. குரல் சுத்தமாக மறந்துவிட்டது.

அந்தப் பதிவுகள் காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் ஆவணக் காப்பகத்தில் இருப்பதை, வரலாறு படிக்கும் என் மகள் கயல் கண்டுபிடித்தாள். மறுநாளே உத்திரமேரூரில் என் உரக்கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்றார் வாட்ச்மேன். உள்ளே இருப்பது எங்கம்மா என்றேன்.

"உள்ள பொம்பளைங்க யாரும் இல்லீங்களே" என்றார்.

பிறகு நடவுப் பாட்டையே ஆய்வுத் தலைப்பாக எடுத்து, கல்லூரி மூலம் கயல் அனுமதி வாங்கினாள். உதவியாளர் ஒருவரையும் அழைத்து வரலாம். உதவியாளர், நான். சட்டையை இன் பண்ணி, மைத்துனரின் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டேன் (படிக்கட்டு இரண்டிரண்டாகத் தெரிந்தது). பஸ் முழுக்கக் கயல் பாடம் நடத்தினாள்.

"நைனா, நீ வாயே தொறக்காத. அம்மா கிம்மான்னு சொல்லிடாத. பாடுனவங்கள தகவலாளர்னுதான் சொல்லணும்."

உள்ளே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு ஹெட்ஃபோன் தந்துவிட்டு, அதிகாரி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இரைச்சல், சேற்றில் கால் வைக்கும் சத்தம், பெண்களின் சிரிப்பு, பிறகு பாட்டு. கண்ணை மூடிக் கேட்டேன். எது அம்மா என்று தெரியவில்லை. இவ்வளவு பாடுபட்டு வந்தும் தெரியவில்லையே என்று ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

திடீரென்று பாட்டு நின்றது.

"டேய் ஏயுமல, ஆடு நாத்துல வாய வெக்குது பாரு. அங்க இன்னா வேடிக்க பாத்துகினு கீற?"

ஏழுமலை என்கிற நான் எழுந்துவிட்டேன். "தோ ஓட்றேம்மா!"

காது அடைத்திருந்ததால் எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று தெரியவில்லை. எழுந்த வேகத்தில் ஹெட்ஃபோன் ஒயர் பிடுங்கிக்கொள்ள, அம்மாவின் குரல் ஸ்பீக்கருக்கு மாறிவிட்டது. "ஓடு, ஓடு" என்று அந்த அமைதியான கூடம் முழுவதையும் அம்மா விரட்டினாள். படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அதிகாரி சட்டென்று அணைத்தார்.

இவர் யார் என்று கயலைக் கேட்டார்.

"எங்க நைனா, சார். அதட்றது எங்க ஆயா."

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "உறவினர்களுக்குன்னு எங்க விதியில ஒண்ணும் இல்லையே" என்றார், வருத்தமாகத்தான். கயலின் அனுமதி அன்றே ரத்தானது. அவள் ஆய்வுத் தலைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் வரை அவள் என்னிடம் பேசவில்லை. அங்கே டீ குடிக்கும்போது சிரிக்க ஆரம்பித்தவள், புரையேறும்வரை நிறுத்தவில்லை.

பிரதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். பரிசீலனையில் இருக்கிறதாம்.

இப்போதெல்லாம் நான் அசையாமல் டி.வி. பார்த்தால், "ஏயுமல, ஆடு" என்று கயல் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். நான் எழுந்துவிடுவேன். வீடே சிரிக்கும். 'ஏயு'வை இன்னும் கொஞ்சம் இழுக்கணும் என்று அவளைத் திருத்துவேன். போன வாரம் அப்படித் திருத்தும்போது, எவ்வளவு இழுக்கணும் என்பதில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.