ஆர் ஆற்று ஒயினைக் கண்டுபிடித்த துரைராசு

கண்டுபிடிப்பாளர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஊர் மெச்சும் எதையும் இவர்கள் மெச்ச மாட்டார்கள். நீங்கள் திருவிடைமருதூர்க் கோயிலைச் சொன்னால், அதற்கு மூன்று மைல் தள்ளி, வௌவால்கூடச் சலித்து வெளியேறிவிட்ட ஒரு கோயிலைச் சொல்லி, "அதைப் பார்க்கலியா?" என்பார்கள். பார்த்திருக்க மாட்டீர்கள். அதுதான் அவர்களுக்கு வேண்டும்.

திருக்காட்டுப்பள்ளி துரைராசு அப்படிப்பட்டவர். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மாமியார் பேருக்கும் மாட்டுக்காரன் பேருக்கும் எழுதியது போக, மிச்ச நிலத்துக்கு மிராசுதார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் பம்புசெட் தொழில் பழக ஜெர்மனி போனார். அங்கே எல்லோரும் ரைன் நதிக்கரை ஒயினைக் குடித்தார்கள். இவர் குடிப்பாரா? ரயிலேறி, ஆர் என்ற சின்ன ஆற்றின் பள்ளத்தாக்குக்குப் போய், அங்கத்தியச் சிவப்பு ஒயினை, தாமே தோண்டி எடுத்த புதையல்போல இரண்டு பாட்டில் கொண்டுவந்தார்.

மனைவி ராஜாத்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "புளிச்ச நீராகாரம்" என்றாள்.

"அந்தப் புளிப்புதான்டி விசேஷம்!"

அடுத்த தை மாதம், கூலியாட்கள் வயலில் இறங்க மறுத்து அறுப்பு நின்றது. எட்டு நாளாக முற்றிய கதிர் வயலில் கொட்டிக்கொண்டிருக்க, துரைராசு வீட்டுக் கூடத்தில் சமாதானப் பேச்சு. ஒரு பக்கம் அறுப்புப் பெண்களுக்குத் தலைவி காளியம்மாள். நடுவில் தாசில்தார் அமிர்தலிங்கம். பொழுது சாய்ந்தால் வேலை முடியணும், மத்தியானம் சோறு போடணும், மழை நாளுக்கும் கூலி வேணும் என்பது கோரிக்கை. எதற்கும் துரைராசு மசியவில்லை. தாசில்தார் பேச்சை மாற்றப் பார்த்து, அலமாரிப் பாட்டிலைக் காட்டினார்.

"எந்த ஊர்ச் சரக்குங்க?"

"ஆர்."

"நான்தாங்க, அமிர்தலிங்கம்."

அவ்வளவுதான், மடை திறந்தது. சுவர்போல் நிற்கும் மலைச்சரிவு, முதுகில் கூடையோடு திராட்சை பறிக்கும் ஜனம், அந்தி சாய்ந்தால் ஒரு குலையைக்கூடத் தொடாத ஒழுங்கு, ஒரே மேசையில் முதலாளியே பரிமாறும் மத்தியானச் சாப்பாடு, மழை பெய்தாலும் குறையாத கூலி என்று அரை மணி நேரம் கண்கலங்கப் பேசினார்.

"வேலை செய்யுறவங்க மனசு குளுந்தாத்தான் அந்த ருசி வரும். ரைன்காரனுக்கு இது தெரியுமா?"

"அப்ப நெல்லுக்கும் ருசி வருமுங்களா?" என்றாள் காளியம்மாள்.

தாசில்தாரின் பேனாவைக் கைகாட்டினாள்.

"எங்களுக்கு ஒயினு வேணாங்க. மத்ததை எழுதச் சொல்லுங்க."

தாசில்தார் பேனாவைத் திறந்தார். துரைராசு கணக்குப் போட்டார். எல்லாம் புளுகு என்று சொன்னால் கைக்காசு பிழைக்கும். ஆனால் ஒயினும் புளுகாகிவிடுமே! தாசில்தார் பக்கம் திரும்பினார்.

"எழுதுங்க."

"பரிமாறவும் நீங்கதான் வரணும். அங்க அப்படித்தானேங்க?" என்றாள் காளியம்மாள்.

மறுநாள் உச்சி வெயிலில், வரப்பில் சாம்பார் வாளியோடு நின்றார். பதினைந்து வருஷமாகத் தம் வயலில் அறுத்தவர்களில் ஒருத்தி பேர் அம்சம், இன்னொருத்தி ராமாயி என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, என்னவோ, இரண்டாம் முறையும் கேட்டுப் பரிமாறினார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. தஞ்சாவூரில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஜில்லாவுலயே இந்த முறையக் கண்டுபிடிச்சதே நான்தான்!" என்றார். சேதி காளியம்மாளுக்கும் எட்டியது.

"சொல்லிக்கிட்டுப் போகட்டும். கையெழுத்து அவருதுதானே?" என்று கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம், "அந்தக் கடைக் காபியா? பேர்ப்பலகைகூட இல்லாத ஓர் இடம் எனக்குத் தெரியும்" என்று ஒருவர் ஆரம்பித்தாரே, நண்பர்கள் எல்லோரும் அவசரமாக எழுந்து போனார்களே, அவர் உங்கள் சட்டையைத்தான் போட்டிருந்தார்.