பிடுங்கக் கூடாத கன்று

"ஐயோ, அது பைன் இல்லை, ஜூனிப்பர்!" என்று கிர்ஸ்டன் டெனிஷில் கத்தியபோது, கன்று வேரோடு செல்வரட்ணத்தின் கையில் வந்துவிட்டது.

டென்மார்க்கில் ஹேர்னிங் நகருக்கு வெளியே அந்தத் திறந்த புதர்வெளியில், தானாக முளைக்கும் பைன் கன்றுகளைப் பிடுங்குவதுதான் தொண்டர்களின் வேலை. விட்டால் வெளி முழுவதும் காடாகிவிடும். அந்த வெளிக்கே உரிய முட்செடியான ஜூனிப்பரைத் தொடக் கூடாது. காலையில் இரண்டு தடவை சொன்னார்கள். அவர் காதில் விழவில்லை.

ஊரில் யுத்தம் முடிந்து ஐந்து நாள். முள்ளிவாய்க்காலில் நின்ற தம்பி அந்தோனிமுத்துவிடமிருந்து ஒரு மாதமாக ஒரு தகவலும் இல்லை. கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தவரை, "வீட்டில இருந்து என்ன செய்யப் போறியள்? ஒருக்காப் போட்டு வாங்கோ. அங்க வேலைக்கு ஆக்கள் காணாதாம்" என்று மனைவி யசிந்தாதான் கலைத்துவிட்டாள். கிர்ஸ்டன் அவளோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள்.

"நான் திருப்பி நட்டுவிடுறன்" என்றார் செல்வரட்ணம் கிர்ஸ்டனிடம்.

அவசரமாகக் குழி தோண்டி நட்டார். கன்று சரிந்தது. நிமிர்த்தப் போய், பக்கத்து ஜூனிப்பரின் வேரையும் மண்வெட்டியால் வெட்டினார். அதற்கும் ஒரு குழி. அதில் கல் தட்டுப்பட்டதால் இன்னொரு குழி. எல்லாவற்றையும் மூடி மிதித்தபிறகு சட்டைப்பையைத் தொட்டார். வெறுமையாக இருந்தது.

"என்ர போன்! தம்பி கோல் எடுத்தா..."

கிர்ஸ்டனோடு வந்த வயதான தொண்டர்கள் ஐந்து பேரும் முழந்தாளிட்டு, அவர் மூடிய குழிகளை மறுபடி தோண்டினார்கள். ஒருவரும் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை.

அப்போது மண்ணுக்குள் மணி அடித்தது.

செல்வரட்ணம் பாய்ந்து விழுந்து வெறுங்கையால் கிளறினார். ஜூனிப்பர் முள் விரல்களைக் கிழித்தது. கிளறி எடுத்த போனில் தெரியாத இலக்கம்.

"அந்தோனி! எங்கயடா நிக்கிறாய்? கதையடா!"

"நான்தான்" என்றது ஒரு டெனிஷ் குரல். பத்தடி தள்ளிக் கிர்ஸ்டன் காதில் கைப்பேசியோடு நின்றாள். "மன்னியுங்கள். தேடுவதற்காகத்தான் அடித்தேன்."

அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மண். எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

"என்ர நம்பர் உங்களுக்கு எப்பிடி?"

"யசிந்தா தந்தாள். எங்கள் ஆறு பேரிடமும் இருக்கிறது." கிர்ஸ்டன் மெல்ல அவர் பக்கத்தில் அமர்ந்தாள். "இது பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம், செல்வரட்ணம். மே மாதத்தில் நாங்கள் யாரும் இங்கே வேலைக்கு வருவதில்லை. யசிந்தா கேட்டதால்தான் இன்றைக்கு வந்தோம்."