ஆயாவுக்குப் பதில் ஒரு சங்கம்

பம்பாய் மாதுங்காவில் தினம் சாயங்காலம் சொர்க்கம் இறங்கி வரும் என்பது பஞ்சாபகேசனின் அபிப்பிராயம். எங்கே இறங்கும்? அவர் வீட்டுப் பால்கனியில் கிடக்கும் சாய்வு நாற்காலியில்தான். ஆபீஸ் விட்டு வந்து காபி குடித்துக் காலை நீட்டினால் போதும். கிங்ஸ் சர்க்கிள் டிராம் மணி கோயில் மணி மாதிரி கேட்கும். கண் சொருகும். மானேஜர் எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுப்பார். லண்டனிலிருந்து பாராட்டுத் தந்தி வரும்.

அன்று தந்தியைப் பிரிக்கிற சமயம் பார்த்து மனைவி வாலாம்பாள் குரல் கொடுத்தாள்.

"ஏன்னா, அம்பிக்கு ஒரு ஆயா வெச்சுண்டா என்ன?"

தந்தி பறந்துபோயிற்று.

"ஒத்தைக் குழந்தைக்கு ஆயாவா? எதுக்கு?"

"சாயங்காலம் ஹிந்தி கிளாஸ் ஆரம்பிக்கறா. நான் சேரப்போறேன். கறிகாய் விக்கற பாஜிவாலாவோட சண்டை போடக்கூட பாஷை தெரியாம எத்தனை நாள் இருக்கறது? தாராவியிலேர்ந்து கோமதியம்மாள்னு ஒருத்தி வரேங்கறா. மாசம் பதினஞ்சு ரூபாயாம். இல்லேன்னா நீங்கதான் பாத்துக்கணும்."

பஞ்சாபகேசனுக்குப் பகீரென்றது. பர்ஸும் பிழைக்க வேண்டும், நாற்காலியும் பிழைக்க வேண்டும்! கணக்குப் போட அவருக்குக் காகிதம் வேண்டாம். கண்ணை மூடினார்.

ஆயா வந்தாள். வந்தவள் காபி கேட்டாள். காபிக்குச் சர்க்கரை வேண்டும். யுத்தக் காலம், சர்க்கரைக்கு ரேஷன். க்யூவில் பஞ்சாபகேசன் நின்றார். தீபாவளிக்குப் புடவை எடுத்தார். அவள் முழங்கால் வலிக்கு டாக்டரிடம் ஓடினார். திரும்பி வந்தால் சாய்வு நாற்காலியில் ஆயா படுத்திருக்கிறாள்! பக்கத்தில் நின்று அவர் விசிறிக்கொண்டிருக்கிறார்.

அலறியடித்துக்கொண்டு கண் விழித்தார்.

"கட்டாதுடி! பதினஞ்சு ரூபாய்னு ஆரம்பிக்கும், கடைசில குடி முழுகிடும்."

"அப்போ எங்கம்மாவை வரச் சொல்றேன். சம்பளமே கிடையாது."

இதற்கு அவர் கண்ணை மூடவே இல்லை.

"அதுவும் கட்டாது. இதோ பார், இந்தக் கட்டடத்துல எத்தனை அம்மாக்கள் இருக்கேள்! ஒரு சங்கம் வெச்சுக்கோங்கோ. ஆளுக்கு ஒரு நாள் எல்லாக் குழந்தைகளையும் பாத்துக்கறது. காலணா செலவில்லை."

வாலாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் இந்த மூளை வரும்" என்றாள். அவள் புகழ்ந்தால் உஷாராக வேண்டாமோ? மனுஷருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மாதுங்காவில் நாலு தமிழர் சேர்ந்தால் ஒரு சபை, ஒவ்வொரு சபைக்கும் ஒரு கௌரவக் காரியதரிசி. அந்தப் பதவிக்காகப் பஞ்சாபகேசன் வருஷக்கணக்காக ஏங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எல்லாரும் அவர் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். மாடிவீட்டு ஷ்யாமளா பிரேரேபித்தாள், எதிர்வீட்டு விஜயலக்ஷ்மி ஆமோதித்தாள். பஞ்சாபகேசன் ஏகமனதாகக் காரியதரிசி ஆனார்! கழுத்தில் மாலை. "என் உடல் பொருள் ஆவி இந்தக் குழந்தைகளுக்கே!" என்று தழுதழுத்தார். வாலாம்பாள் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம். காலை நீட்டிக் கண்ணை மூடியிருந்தார். கனவில் வாசலில் அவர் பெயர்ப்பலகையை அடித்துக்கொண்டிருந்தார்கள். அடித்தது பலகை இல்லை, கதவு. ஷ்யாமளா இரண்டு குழந்தைகளை உள்ளே விட்டாள். விஜயலக்ஷ்மி மூன்றை விட்டாள். "வரோம் ஸார்!" என்று எல்லாரும் ஹிந்திப் புஸ்தகத்தோடு இறங்கினார்கள். வாலாம்பாளும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"ஏய்! இன்னிக்கு யார் முறை?"

"கிளாஸ்ல நாங்க எல்லாருமே சேர்ந்துட்டோமே. சங்கத்துல மிச்சம் இருக்கறது காரியதரிசிதான்."

"கௌரவக் காரியதரிசிடி நான்!"

"அதான், சம்பளம் கிடையாது."

அந்த வாரம் அவர் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! சாய்வு நாற்காலி கப்பலாயிற்று. கப்பலுக்கு நங்கூரம் அவருடைய கால். சனிக்கிழமை கெஞ்சினார்.

"வாலா, ஆயாவையே வெச்சுடலாம். ரூபாயை நான் தரேன்."

"ஐயையோ, குடி முழுகிடும்னு நீங்கதானே சொன்னேள்!"

"அப்போ ராஜினாமா!"

"பேஷா பண்ணுங்கோ. நாளைக்கு ஷ்யாமளா ஆத்துல கூட்டம். அங்க முடிவு பண்ணிப்போம்."

ராத்திரியெல்லாம் மனசுக்குள் பிரசங்கம் தயாரித்தார். அவர் பேசப் பேசப் பெண்கள் விம்மினார்கள். ஷ்யாமளா மன்னிப்புக் கேட்டாள். சாய்வு நாற்காலி மேகத்தில் மிதந்து அவரிடமே திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேஷ்டியைச் சரிபண்ணிக்கொண்டு கிளம்பினால், வாசலில் குழந்தைகள் வரிசையாக நிற்கின்றன. அம்மாக்கள் எல்லாரும் கூட்டத்துக்குப் போய்விட்டார்களாம். தோளில் ஒன்று, முதுகில் ஒன்றுமாக மாடிப்படியடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். மேலே கைதட்டல் கேட்டது.

வாலாம்பாள் சிரித்தபடி இறங்கி வந்தாள்.

"ராஜினாமாவை ஏத்துக்கலை. ஏகமனதா இன்னும் ஒரு வருஷம் நீங்கதான்."

"அநியாயம்! என்னை ஒரு வார்த்தை பேச விட்டேளா?"

"நன்னாருக்கே! காரியதரிசியே கூட்டத்துக்கு வரலேன்னு அங்கே எல்லாருக்கும் எத்தனை வருத்தம் தெரியுமா?"