பாலத்தில் கரைந்த கியூபிட்

கிண்ணியா,
சனிக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள முனீப் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் சுகம். பனி நாட்டில் நீங்களும் உங்களை நம்பியிருக்கும் கியூபிட்களும் நீண்ட ஆயுளோடு இருக்க உம்மா துஆச் செய்கிறா. கியூபிட்கள் என்றால் உங்கள் பிள்ளைகள் என்று நினைத்திருக்கிறா, நான் திருத்தவில்லை.

விஷயம் இதுதான். குவாண்டம் கணினியின் கியூபிட் தன் நிலையைக் கண்மூடித் திறப்பதற்குள் மறந்துவிடும், அதற்குக் குளிர் வேண்டும், மறைப்பு வேண்டும், பாதி வழியில் ஒரு தட்டுத் தட்டித் திருப்பிவிட்டால் சிதறியது மறுபடி ஒன்றுசேரும் என்று நீங்கள் போனில் சொன்னீர்களே, அதை வைத்து விஞ்ஞானப் போட்டிக்கு ஒரு செய்முறை செய்தேன், வென்றால் கொழும்பு. என் தோழிகள் நாலு பேர் பாலத்தில் ஒரே கோட்டிலிருந்து அவரவர் வேகத்தில் நடப்பார்கள். பஸ்மியா நாய் துரத்தியதுபோல, ஸஹ்ரா மணப்பெண்போல. நாலாம் நிமிடம் நான் விசில் ஊதியதும் திரும்பினால், தூரம் போனவள் வேகமாகவும் கிட்ட நின்றவள் மெதுவாகவும் வந்து, எட்டாம் நிமிடம் எல்லோரும் கோட்டில் சேர்வார்கள். முதல் ஒத்திகையில் சேரவில்லை, ஏனென்றால் நம்மூரில் ஒருவரைப் பேசாமல் கடக்க ஏலாது. மீன்கார அலியார் காக்கா சைக்கிளை நிறுத்தி, "எங்க புள்ள போறீங்க? உம்மாக்குக் காய்ச்சல் சொகமாகிட்டா?" என்றார், பஸ்மியா காய்ச்சலின் முழு வரலாற்றையும் சொன்னாள், கியூபிட் அங்கேயே உயிரை விட்டு மௌத். ஆகவே குளிருக்கு விடியற்காலை, மறைப்புக்கு ஆளுக்கொரு குடை என்று ஆயுளைக் கூட்டினேன். அடுத்த மூன்று ஒத்திகையிலும் நாலு பேரும் அச்சொட்டாகக் கோட்டில் வந்து நின்றார்கள்.

இன்று காலை நடுவர் ஞானசேகரம் சேர் வந்தார். கடல் கண்ணாடியாய்க் கிடந்தது. வெள்ளை உடுப்பும் வெள்ளைக் குடையுமாக நாலு பேரும் வெளிச்சத்துக்குள் நடந்து, சின்னதாகி, பாலில் சீனிபோலக் கரைந்து, கரைந்தே போனார்கள் மாமா. திரும்பவே இல்லை. பிறகு தேடிப் போனால் அக்கரைக் கடையில் இடியப்பம் தின்றுகொண்டிருக்கிறார்கள். என் விசிலைக் காற்றுக் கொண்டுபோய்விட்டது.

"வியாழக்கிழமை ஒருக்காப் பாப்பம். அதுக்கு முதல் என்ன பிழையெண்டு எழுதித் தரோணும்" என்றார் சேர். அதுதான் கடைசி வாய்ப்பு. ஆகவே, காற்றுத்தான் குற்றவாளி என்று உங்கள் ஆய்வுகூடத்துக் கடிதத்தாளில் நாலு வரி எழுதி, நான் இதைப் படமெடுத்துப் போனில் அனுப்புவதுபோல, உடனே அனுப்புங்கள்.

மாமிக்கும், உம்மா நினைக்கிற பிள்ளைகளுக்கும் ஸலாம்.

எட்டு நிமிடமாவது நிலைத்து நிற்கும் உங்கள் மருமகள்,
றம்லா

பி.கு.: காற்றைப் பற்றி எழுத வேண்டாம். காற்றே அடிக்கவில்லை, விசிலை நான் ஊதவே இல்லை. மூன்றாம் நிமிடம் சேர், "நீங்க ஆரிட மகள்?" என்று கேட்டார். "முனீப் மாமாட மருமகள்" என்று தொடங்கிப் பனி நாடு வரை சொல்லிக்கொண்டே போனேன். "அவர் எப்ப ஊருக்கு வாறார்?" என்று அவர் கேட்டபோதுதான், "அத மாமாட்டத்தான் கேக்கோணும்" என்றுவிட்டுப் பாலத்தைப் பார்த்தேன். அதில் ஒருவருமில்லை.